ஊர் காத்த பள்ளி

தென்காசிக்கு வருவோர் கண்ணில் முதலில் படுவது விசுவநாதர் கோயிலின் இராசகோபுரம். குற்றாலச் சாரற்காற்று அதன் வாயிலில் ஓயாது வீசும். பதினைந்தாம் நூற்றாண்டில் அக்கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், அங்கே அரியதொரு விண்ணப்பத்தைக் கல்லில் பொறித்துவைத்தான். பின்னாளில் இக்கோயிலுக்குக் குறை நேர்ந்தால் அதனைச் சீர்செய்து காப்பவர் எவரோ, அவர் அடியை வணங்குவதாக அம்மன்னன் அதில் கூறுகிறான். நெடுங்காலம் சிதைந்து நின்ற அக்கோபுரம் 1990-ல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. கட்டுவதற்கு ஒரு மன்னன் போதும். காப்பதற்கு ஊரே வேண்டும். இவ்வுண்மை பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும் என்பதை நம் நாட்டுக் கல்வி வரலாறு காட்டுகிறது.

பண்டைத் திண்ணைப் பள்ளிகளின் ஆசிரியருக்கு அரசாங்க ஊதியம் கிடையாது. பெற்றோர் அளந்த நெல்லும், கொடுத்த சிறு காசுமே அவருக்கு வாழ்வு. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும், 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். அவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கோ திண்ணை எட்டாத உயரத்திலிருந்தது. பள்ளி ஊராருடையதாக இருந்தது. ஆனால், ‘ஊரார்’ என்னும் சொல்லில் எல்லாரும் அடங்கவில்லை.

பின்னர் அரசாங்கத்தின் பொறுப்பிலும் மானியத்திலும் பள்ளிகள் பெருகின. கதவு சிறிது அகலத் திறந்தது. ஆயினும், பள்ளி ‘சர்க்கார் காரியம்’ ஆனதும், கூரை ஒழுகினால் அதிகாரி வந்து பார்க்கட்டும் என்று ஊர் ஒதுங்கிக்கொண்டது.

1954-ல் காமராசர் முதலமைச்சரானார். நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர் பொறுப்பேற்றார். சிற்றூர்தோறும் பள்ளி திறந்தால் மட்டும் போதாது என்பதை இருவரும் உணர்ந்தனர். பசித்த பிள்ளை பாடத்தில் மனம் செலுத்துவது எங்ஙனம்? மாடு மேய்த்தாவது அரைவயிறு கஞ்சி குடிக்கட்டும் என்று எண்ணிய பெற்றோரைக் குறைகூறிப் பயன் என்ன? அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் எட்டயபுரம் பகுதியில் 1956-ல் மதிய உணவு முயற்சி ஊராரின் நன்கொடையைக் கொண்டு தொடங்கிற்று. அரசு அதனைத் தன் திட்டமாக ஏற்ற பின்னரும் ஊரின் பங்கு நீங்கவில்லை. ஓர் உணவுக்கு ஆகும் 10 காசில் 6 காசை அரசும் 4 காசை உள்ளூரும் ஏற்பது என வகுத்தனர். அந்த நான்கு காசு, ‘இது நம் பள்ளி’ என்னும் உணர்வுக்கு இட்ட வித்து.

அவ்வித்து 1958-ல் வளர்ந்து பயிராயிற்று. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. அதன் முறை எளியது. ஆசிரியரும் ஊர்ப் பெரியோரும் பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து தம் பள்ளிக்கு வேண்டுவனவற்றைப் பட்டியலிடுவர்: கட்டடம், பலகை, நிலப்படம், நூல், தண்ணீர்ப் பானை, ஏழைப் பிள்ளைக்குச் சீருடை. ஒவ்வொன்றையும் இன்னார் தருவது என ஏற்றுக்கொண்டு மாநாட்டில் வழங்குவர். பணமுடையோர் பணம் தந்தனர். இல்லாதோர் உடலுழைப்பைத் தந்தனர். இவ்வியக்கம் மாநிலம் முழுவதும் பரவியது.

எனினும், பொருள் தருவதோடு பெற்றோர் கடமை முடிந்துவிடுவதில்லை. தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றுவது பல குடும்பப் பெண்களின் கைத்தொழில். அத்தகைய வீட்டில் மகளின் விரல்களும் சேர்ந்தால் அன்றாடக் கூலி சற்றுக் கூடும். அவளைத் தட்டின் முன் அமர்த்தாது பள்ளிக்கு அனுப்பும் தாய், தன் அடுப்பிலிருந்தே கல்விக்கு மானியம் தருகிறாள். அதனை ஆசிரியர் அறிதல் வேண்டும். மகள் எதில் தேர்கிறாள், எதில் தடுமாறுகிறாள் என்பதை அத்தாயும் அறிதல் வேண்டும். இவ்விருவரும் பேசிக்கொள்ளாத இடத்தில் நடுவில் நிற்கும் பிள்ளையே இழக்கிறது.

இதனை இன்று சட்டமும் ஏற்றுள்ளது. 2009-ல் நிறைவேறிய கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருத்தல் வேண்டும் என்கிறது. உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாதல் வேண்டும் என்றும் விதிக்கிறது. திண்ணையின் காலத்தில் புறத்தே நின்றோரின் வழித்தோன்றல்களுக்கும் அங்கே ஓர் இருக்கை உண்டு. அவ்விருக்கை வெறுமையாகக் கிடந்தால் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும்.

மாணவர்களே, அடுத்த முறை பெற்றோர் கூட்ட அழைப்பு உங்கள் கைக்கு வரும்போது அதனைப் பைக்குள் மறைத்துவிடாதீர்கள். வீட்டில் படித்துக் காட்டுங்கள். எழுத்தறியாத தாயாயினும் உடன் அழைத்துச் செல்லுங்கள். காப்பவர் அடியை ஒரு பாண்டிய மன்னனே வணங்கினான் அன்றோ? அப்பெருமை உங்கள் தாய்க்கும் உரியது.