ஒரே கட்டளை, வேறு விடை: ஷெல் ஸ்கிரிப்ட்டை வேறு கணினிக்குக் கொண்டு செல்லும்போது

தமிழ்ப் பெயர்ப்பட்டியல் ஒன்றின் ஒவ்வொரு வரியிலும் முதல் 10 எழுத்துகளை மட்டும் எடுக்க, 'கட்' கட்டளையின் 'சி' தெரிவு பயன்படுத்தப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். (கட்டளைப் பெயர்களை இங்கு ஒலிப்பின்படி எழுதுகிறோம்; தட்டச்சிடுவது ஆங்கிலத்தில்தான்.) மாக் கணினியில் 10 குறியீடுகள் கிடைக்கும். டெபியன் லினக்ஸில் 3 குறியீடுகளும், நான்காவதன் உடைந்த துண்டொன்றும் கிடைக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது.

யூடிஎப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் தேவை. தரநிலை எழுத்தை எண்ணச் சொன்னாலும், லினக்ஸில் உள்ள குனு 'கட்' நீண்டகாலமாகப் பைட்டையே எண்ணி வந்துள்ளது. ஆங்கிலப் பட்டியலில் மட்டும் சோதித்தவருக்கு இது தெரியவராது. காணாமல் ஆக்கப்பட்டோரின் பெயர்களையோ காணி விபரங்களையோ தொகுப்பவர்களுக்கு இது சிறிய விடயமல்ல. உடைந்த பெயர் பின்னர் தேடலில் அகப்படாது.

ஷெல் என்பது கட்டளைகளை அழைப்பது மட்டுமே. வேலையைச் செய்யும் கருவிகள் இடத்துக்கிடம் வேறு. பெரும்பாலான லினக்ஸில் குனு, மாக்கில் பிஎஸ்டி வழிவந்தவை, அல்பைன் லினக்ஸிலும் பல ரவுட்டர்களிலும் பிஸிபொக்ஸ், அன்ட்ரொயிட்டில் டோய்பொக்ஸ். 1988 இல் முதலில் வெளியான பொசிக்ஸ் தரநிலையே இவற்றுக்குப் பொதுவான அடிப்படை. அதற்கு வெளியே உள்ள தெரிவுகள் அவரவர் விருப்பம்.

கோப்பை அதே இடத்தில் திருத்தும் 'செட்' கட்டளையின் 'ஐ' தெரிவு அத்தகையது. மாக்கில் அதன் பின் காப்புப்பிரதிக்கான பின்னொட்டு கட்டாயம். எனவே 'ஐ'யை அடுத்து 'இ' தெரிவைத் தனியாக எழுதினால், லினக்ஸில் காப்புப்பிரதியின்றித் திருத்தம் நடக்கும். மாக்கிலோ பெயரின் இறுதியில் '-இ' ஒட்டிய கோப்பொன்று மிஞ்சும். 'ஐ'யுடன் இடைவெளியின்றி '.பேக்' எனச் சேர்த்து எழுதினால் குனு, பிஎஸ்டி, பிஸிபொக்ஸ் மூன்றிலும் சரிவரும். காப்புப்பிரதியும் கிடைக்கும். வேறு பிரதி இல்லாத ஆவணங்களுக்கு இதையே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

பெரிய நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. உபுண்டு 25.10 பதிப்பு, குனு கருவிகளுக்குப் பதிலாக ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டவற்றை ஏற்றது. அதிலிருந்த 'டேட்' கட்டளை, கோப்பொன்றின் திகதியைக் கேட்கும் 'ஆர்' தெரிவை ஏற்றுக்கொண்டு, சத்தமின்றி அன்றைய திகதியையே கொடுத்தது. இதனால் 2025 ஒக்டோபரில் சில கணினிகளில் தானியங்கிப் புதுப்பிப்புச் சோதனை நின்றுபோனது.

'எக்கோ'வுக்குப் பதிலாக 'பிரின்ட்எப்' பயன்படுத்துங்கள். தமிழ் வரிகளை வெட்டும் வேலையைப் பைத்தனிடம் விடுங்கள். அதிலும் 'ன்' என்பது இரண்டு குறியீடுகள் என்பதால், வெட்டும் இடத்தில் புள்ளி கழன்றுவிடலாம். ஷெல்செக் என்ற இலவசக் கருவி ஷெல் மொழிப் பிழைகளைச் சுட்டிக்காட்டும். ஆனால் கருவிகளுக்கிடையிலான இத்தகைய வேறுபாடுகள் பெரும்பாலும் அதன் கண்ணில் படாது. ஆகவே ஸ்கிரிப்ட் ஓடப்போகும் கணினியிலேயே, கோப்பின் நகலொன்றில், தமிழ் வரிகளைக் கொண்டே முதலில் ஓட்டிப்பார்த்து, வந்த விடையை மூலத்துடன் 'டிப்' கட்டளையால் ஒப்பிடுங்கள்.