பெயர் அட்டைக்கு எந்தத் தாள் பொருந்தும்?

ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போனபின், பேராக் தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல ஈப்போ, சுங்கை சிப்புட், செம்மோர் வட்டாரங்களில் சிறுதொழில் செய்கின்றன. புல் வெட்டுதல், குளிர்சாதனப் பழுதுபார்ப்பு, கேட்டரிங், தையல் என எதுவானாலும், வேலை முடிந்தபின் வாடிக்கையாளர் கையில் மிஞ்சுவது பெயர் அட்டைதான். அடுத்த அழைப்பு வருவதும் அதைப் பார்த்துத்தான். ஆகவே அட்டையின் தாளை விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. அது யார் கைக்குப் போகிறது, அதில் என்ன எழுதப்படும் என்பதையும் பார்க்க வேண்டும்.

கனம்: ஒரு சதுர மீட்டர் தாளின் எடையைக் கிராமில் சொல்வதே ஜி.எஸ்.எம். நகலெடுக்கும் தாள் 70 முதல் 80 ஜி.எஸ்.எம். பெயர் அட்டைக்கு 250 முதல் 310 வரை ஏற்றது. 200-க்குக் கீழே போனால் பணப்பையில் வைத்த சில நாள்களிலேயே மடங்கிவிடும்.

மேற்பூச்சு: ஆர்ட் கார்டின் வழவழப்புக்குக் காரணம் அதன்மேல் பூசப்படும் கயோலின் எனும் வெண்களிமண், கால்சியம் கார்பனேட் ஆகியவை. இவை பேராக்கிற்குப் புதியவை அல்ல. பீடோர், தாப்பா பகுதிகளில் கயோலின் தோண்டப்படுகிறது. சிம்பாங் பூலாய் சுண்ணாம்புக்கல் மலைகளிலிருந்து கால்சியம் கார்பனேட் தூள் கிடைக்கிறது. பூச்சுள்ள தாளில் மை உள்ளிறங்காது. படமும் எழுத்தும் தெளிவாக விழும்.

பூச்சில்லாத தாளில் மை சற்றுப் பரவும். ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைந்துபோகலாம். மெய்யெழுத்தின் புள்ளியும் மங்கலாம். தமிழில் பெயர் போடுவோர் இத்தாளை எடுத்தால், எழுத்தைச் சற்றுப் பெரிதாகவும் இடைவெளி விட்டும் அமைக்கச் சொல்வது நல்லது.

லேமினேஷன்: ஈரக் காற்றும் வியர்வையும் தாளின் எதிரிகள். குழாய், மின்சாரம், புல் வெட்டும் வேலை செய்வோருக்கு இருபுறமும் மேட் லேமினேஷன் செய்த ஆர்ட் கார்டு நெடுநாள் உழைக்கும். ஆனால் அந்தப் படலத்தில் பேனா மை சரியாகப் பிடிக்காது. ரப்பர் முத்திரையும் காயாமல் ஈசிக்கொள்ளும். துணி கொடுக்கும் நாளை எழுதும் தையல்காரர், முன்பணத்தைக் குறிக்கும் கேட்டரிங் நடத்துநர் போன்றோர் பின்பக்கத்தைப் பூச்சும் லேமினேஷனும் இல்லாமல் விட வேண்டும்.

ஆர்டர் கொடுக்குமுன் அச்சகத்தில் மாதிரி அட்டை கேட்டு வாங்கலாம். அதில் பந்துமுனைப் பேனாவால் எழுதி, ஈர விரலால் தேய்த்து, ஒருநாள் சட்டைப் பையில் வைத்துப் பார்த்தால் போதும். தொலைபேசி எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து, முதல் தடவை குறைந்த எண்ணிக்கையில் அடிப்பதே சிக்கனம். எண் தவறாக விழுந்தால், எவ்வளவு நல்ல தாளும் குப்பைக்குத்தான் போகும்.