தசை உடை

தசை உடை என்பது, நடிகர் ஒருவரின் உடல் உள்ளதைக் காட்டிலும் திரண்டு காணப்படும் பொருட்டு, அவரது இறுக்கமான மேலாடைக்கு அடியில் அணிவிக்கப்படும் திணிப்பு உள்ளாடை ஆகும். மார்பு, தோள், புயம், வயிறு, தொடை ஆகிய இடங்களில் தசை வடிவில் செதுக்கப்பட்ட நுரைப்பொருள் துண்டுகள் இதில் பொருத்தப்பட்டிருக்கும். சூப்பர்மேன், பேட்மேன் முதலிய அமெரிக்க வரைகதை மீநாயகர்களை (சூப்பர் ஹீரோக்களை) திரைக்குக் கொண்டுவரும்போது இது பெரிதும் பயன்படுகிறது.

மெலிந்த நடிகருக்கு மட்டுமே இவ்வுடை தேவை என்பது பரவலாக உள்ள தவறான கருத்து. நாள்தோறும் உடற்பயிற்சி செய்து உடலை வளர்த்த நடிகர்களும் இதனை அணிகின்றனர். அதற்கான காரணம் துணியின் இயல்பில் உள்ளது.

தேவை

1938 ஆம் ஆண்டு ஆக்சன் காமிக்ஸ் முதல் இதழில் சூப்பர்மேன் தோன்றினார். ஜெர்ரி சீகல் எழுத, ஜோ சுஸ்டர் வரைந்தார். சர்க்கசு பலசாலிகளின் இறுக்கமான உடையை ஒட்டியே அவரது உடை அமைந்தது. பின்வந்த ஓவியர்கள் பலரும் ஆடையற்ற உடலை முதலில் வரைந்து, அதன்மேல் நிறம் தீட்டி, கழுத்திலும் மணிக்கட்டிலும் ஒரு கோடு இழுத்து அதனை ஆடை என்றனர். எனவே வரைகதையில் துணிக்குத் தடிமன் இல்லை. ஒவ்வொரு தசையின் பள்ளமும் மேடும் அப்படியே தெரியும்.

உண்மைத் துணி அவ்வாறு நடந்துகொள்வதில்லை. பானையின் வாயில் இறுக்கிக் கட்டிய துணி பானைக்குள் இறங்குவதில்லை; விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகவே நிற்கும். அதுபோல, இழுத்து அணியப்பட்ட மீள்துணி இரு தசைகளுக்கு இடையேயுள்ள பள்ளத்தைத் தாண்டிப் பாலம் போட்டுவிடுகிறது. மேடுகளை அழுத்தவும் செய்கிறது. இதனால் சட்டையைக் கழற்றினால் தெளிவாகத் தெரியும் வயிற்றுத் தசைகள், ஸ்பான்டெக்ஸ் உடைக்குள் சமதளமாகிவிடுகின்றன. தசை உடையில் மேடுகளைப் பெரிதாக்குவதைவிட, பள்ளங்களை இயற்கையைக் காட்டிலும் ஆழமாகச் செதுக்குவதே முதன்மையான வேலை எனலாம். சில உடைகளில் மேல்துணியைப் பள்ளங்களின் அடியோடு சேர்த்துத் தைக்கவோ ஒட்டவோ செய்கின்றனர். துணியின்மேல் நிழல் வண்ணம் தெளிப்பதும் உண்டு.

ஸ்பான்டெக்ஸ் இழையை 1958 இல் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் வேதியியலாளர் ஜோசப் சிவர்சு உருவாக்கினார். விரிதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றி இப்பெயர் ஆக்கப்பட்டது. ஐரோப்பாவில் இதன் பெயர் எலாசுத்தேன். லைக்ரா என்பது வணிகப் பெயர்.

வரலாறு

உடலின்மேல் இன்னோர் உடலை அணியும் பழக்கம் மிகப் பழையது. பண்டைய கிரேக்கரும் உரோமரும் மார்பு, வயிற்றுத் தசைகள் செதுக்கிய வெண்கல மார்புக் கவசங்களை அணிந்தனர். 18 ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் முழங்கால்வரை கால்சட்டையும் காலுறையும் அணிந்த ஆண்களில் சிலர், கெண்டைக்கால் எடுப்பாகத் தெரிய உள்ளே திணிப்பு வைத்துக்கொண்டனர். நாடக நடிகர்களிடமும் இவ்வழக்கம் இருந்தது.

தொலைக்காட்சியில் 1952 முதல் 1958 வரை ஒளிபரப்பான சூப்பர்மேன் தொடரில் நடித்த ஜார்ஜ் ரீவ்சு திணிப்பு வைத்த உடையை அணிந்தார். 1966 இல் தொடங்கிய பேட்மேன் தொடரில் ஆடம் வெஸ்ட் அவ்வாறு எதனையும் அணியவில்லை. சற்றுத் தளர்ந்த சாம்பல்நிற உடையில் சாதாரண மனிதராகவே தோன்றினார். அத்தொடரின் நகைச்சுவைக்கு அது பொருந்தியது என்பதை மறுக்க இயலாது.

இவ்வுடையின் வரலாற்றில் அது அணியப்படாத ஒரு நிகழ்வும் முக்கியமானது. ரிச்சர்ட் டோனர் இயக்கிய சூப்பர்மேன் (1978) படத்துக்குத் தேர்வான கிறிஸ்டோபர் ரீவ், 193 செ.மீ. உயரமும் மெலிந்த உடலும் கொண்டவர். தசை உடை அணியுமாறு கூறப்பட்டபோது அவர் மறுத்துவிட்டார். மாறாக, பிரித்தானியப் பளுதூக்கும் வாகையரான டேவிட் பிரௌசிடம் பயிற்சி பெற்று உடலை வளர்த்தார். (பிரௌசு, ஸ்டார் வார்சு படத்தில் டார்த் வேடர் உடைக்குள் நடித்தவர்.) படத்தில் காணப்படும் தோள்கள் ரீவ் உடையவையே. எனினும் துணிக்கடியில் தசைக் கோடுகள் அதிகம் தெரியவில்லை என்பதை இன்று பார்ப்போர் கவனிக்கலாம்.

இரப்பர் உடைகள்

டிம் பர்ட்டன் இயக்கிய பேட்மேன் (1989) படத்துக்கு மைக்கேல் கீட்டன் தேர்வானபோது வரைகதை வாசகர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. அவர் நகைச்சுவை நடிகராக அறியப்பட்டவர்; திரண்ட உடலும் இல்லாதவர். ஆடை வடிவமைப்பாளர் பாப் ரிங்வுட் இச்சிக்கலை வேறு வழியில் தீர்த்தார். மேல்துணியை நீக்கிவிட்டு, தசை வடிவில் வார்த்த கருநிற நுரை இரப்பரையே வெளியுடை ஆக்கினார். உள்ளே மறைந்திருந்த திணிப்பு அவ்வாறு வெளியே வந்து கவசமாயிற்று. முகமூடி கழுத்தோடும் தோளோடும் இணைந்திருந்ததால் கீட்டனால் தலையைத் திருப்ப முடியவில்லை. பக்கவாட்டில் பார்க்க வேண்டுமெனில் மார்பையும் சேர்த்துத் திரும்பினார். அதுவே அப்பாத்திரத்தின் மிடுக்காகப் பார்வையாளர்களுக்குத் தோன்றியது. தி டார்க் நைட் (2008) படத்தில் நாயகன் தலையைத் திருப்பக்கூடிய உடை ஒன்றைக் கேட்டுப் பெறும் காட்சியே உண்டு.

1990 இல் வெளியான தி ஃபிளாசு தொலைக்காட்சித் தொடரில், நுரை இரப்பர்த் துண்டுகளை ஸ்பான்டெக்ஸ் உடையில் ஒட்டி உடை உருவாக்கினர். இதனை அணிந்த ஜான் வெஸ்லி சிப் ஏற்கெனவே கட்டுடல் கொண்டவர் என்பது குறிப்பிடத்தக்கது. மேன் ஆஃப் ஸ்டீல் (2013) படத்திலும் இவ்வாறே. ஹென்றி காவில் பல மாதங்கள் கடும் பயிற்சி செய்திருந்தும், தசை வடிவில் செதுக்கிய உள்ளுடை ஒன்றும் அதன்மேல் வலைபோன்ற மெல்லிய துணியும் அவருக்கு அணிவிக்கப்பட்டன. சசாம்! (2019) படத்தில் சக்கரி லீவை அணிந்த உடையின் திணிப்பு வெளிப்படையாகத் தெரிவதாக இரசிகர்கள் கேலி செய்தனர். சிறுவன் ஒருவன் மந்திரத்தால் பெரிய உடல் பெறும் கதைக்கு அது பெரிய குறையன்று.

உருவாக்கும் முறை

முதலில் நடிகரின் உடல் முழுவதற்கும் பாரிசுச் சாந்தால் அச்சு எடுக்கப்படும். அவ்வச்சிலிருந்து அவரது உருவம் வார்க்கப்படும். சிற்பி அதன்மேல் களிமண்ணால் தசைகளை வடிப்பார். பின்னர் அக்களிமண் வடிவத்துக்கு மற்றொரு அச்சு எடுத்து, களிமண் நீக்கப்பட்ட இடைவெளியில் நுரை இரப்பர் செலுத்தப்படும். இரப்பர் மரப்பாலில் நுரைக்கும் பொருளும் கந்தகம் சேர்ந்த பதப்படுத்தும் பொருளும் கலந்து, முட்டை வெண்கருவை அடிப்பதுபோல் அடித்து இது பெறப்படுகிறது. அச்சுடன் சூளையில் மிதமான வெப்பத்தில் பல மணிநேரம் வைத்தால் இறுகிவிடும். அண்மைக் காலத்தில் உடலை முப்பரிமாண வருடி மூலம் அளந்து, கணினியிலேயே தசைகளை வடிவமைக்கும் முறையும் வந்துள்ளது.

செலவு குறைந்த முறையும் உண்டு. மெத்தை, நாற்காலி இருக்கைகளில் உள்ள நுரைப்பஞ்சைக் கத்தரிக்கோலால் தசை வடிவில் வெட்டி, இறுக்கமான உள்ளாடைமேல் அடுக்கடுக்காக ஒட்டி, மீள்வலைத் துணியால் மூடுவர். விழாக்களுக்கு வேடமணிந்து செல்லும் இரசிகர்கள் பெரும்பாலும் இவ்வாறே செய்துகொள்கின்றனர். ஒட்டுப்பசையின் ஆவி தீங்கானது என்பதால் காற்றோட்டமுள்ள இடத்தில் செய்ய வேண்டும்.

நுரை சுருங்கி விரியும் தசை அன்று என்பதே பெரிய சிக்கல். முழங்கையை மடக்கினால் உண்மைப் புயத்தசை திரளும். நுரையோ மடிந்து கசங்கும். கையை உயர்த்தினால் தோள் துண்டு காதுவரை ஏறிவிடும். ஆகவே அக்குள், முழங்கையின் உட்புறம், முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களில் நுரையை மெலிதாக்குவர் அல்லது முற்றிலும் விட்டுவிடுவர். கூர்ந்து பார்ப்போருக்கு அவ்விடங்களே உண்மையைக் காட்டிக்கொடுக்கும்.

வெப்பமும் உடல்நலமும்

நுரையின் சிறு அறைகளில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. குளிர்சாதனப் பெட்டியின் சுவரில் நுரை நிரப்புவதும் இதனால்தான். எனவே தசை உடை அணிந்தவரின் உடல் வெப்பம் வெளியேற வழியில்லை, வியர்வையும் ஆவியாவதில்லை. படப்பிடிப்பு விளக்குகளின் கீழ் நீண்ட நேரம் நின்றால் நீரிழப்பும் மயக்கமும் நேரலாம். மெல்லிய குழாய்களில் குளிர்நீர் ஓடும் உட்சட்டை, இடையிடையே உடையைத் திறந்துவிடல், அடிக்கடி நீர் கொடுத்தல் ஆகியவை பாதுகாப்பு முறைகள். வியர்வையை உறிஞ்சிய நுரை விரைவில் நைந்துவிடுவதால் ஒரே நடிகருக்குப் பல உடைகள் செய்யப்படுகின்றன. இரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வேறு நுரைப்பொருள் பயன்படுத்த வேண்டும்.

உடல் பற்றிய எண்ணங்கள்

திரையில் தெரியும் உடல் அந்நடிகருக்கே இல்லாதது என்பதைப் பார்ப்போர், குறிப்பாகச் சிறுவர்கள், அறிவதில்லை. ஹாரிசன் போப்பும் உடன் ஆய்வாளர்களும் 1999 இல் வெளியிட்ட ஆய்வு, போர்வீரர் பொம்மைகளை மனித உயரத்துக்குப் பெருக்கி அளந்தது. 1964 ஆம் ஆண்டு ஜி. ஐ. ஜோ பொம்மையின் புயச் சுற்றளவு சுமார் 12 அங்குலம். 1990களில் வந்த அதன் ஒரு வடிவத்தில் சுமார் 27 அங்குலம். எந்த மனிதரும் எளிதில் எட்டக்கூடிய அளவன்று இது. போதிய தசை இருந்தும் தான் மெலிந்தவன் என்றே எண்ணி வருந்தும் மனநிலையை 2013 இல் வெளியான அமெரிக்க உளநோய்க் கையேடு உடல் தோற்றக் கோளாறின் ஒரு வகையாகக் குறிப்பிடுகிறது. கடைகளில் விற்கப்படும் சிறுவர் வேட உடைகளிலும் இன்று பாலியெசுட்டர் பஞ்சால் ஆன மார்புத் தசைகள் தைக்கப்பட்டு வருகின்றன.

திணிப்பே இல்லாத உடல் இதைவிட நேர்மையானது என்றும் சொல்லிவிட முடியாது. வுல்வரின் பாத்திரத்தில் நடித்த ஹியூ ஜாக்மன், சட்டையற்ற காட்சிகளுக்கு முன் ஒரு நாளுக்கும் மேலாக நீர் அருந்தாமல் இருந்து தோலை வற்றச் செய்ததாகக் கூறியுள்ளார். அவ்வுடலும் படப்பிடிப்பு நாளுக்கு மட்டும் உரியதே. இரண்டையும் ஒப்பிட்டால் நுரைத் துண்டுகள் நடிகருக்குக் குறைந்த தீங்கே செய்கின்றன.

கணினி வரைகலை

கிரீன் லான்டர்ன் (2011) படத்தில் ரயன் ரெனால்ட்சு அணிந்ததாகக் காட்டப்பட்ட உடை முழுவதும் கணினியில் உருவாக்கப்பட்டது. துணியே இல்லாததால் பள்ளம் மறையும் சிக்கலும் எழவில்லை. ஆனால் அது உடலோடு ஒட்டாதது போல் தெரிவதாகப் பலர் குறை கூறினர். அதே ஆண்டு வெளியான கேப்டன் அமெரிக்கா படத்தில் இதற்கு நேர்மாறான பணி நடந்தது. நாயகன் கிறிசு எவான்சின் திரண்ட உடலைக் கணினி வரைகலையால் சுருக்கி, மருந்து ஏற்றப்படுவதற்கு முந்தைய நோஞ்சான் இளைஞனாகக் காட்டினர்.