யானைத்தீ

புனே நகரின் கிழக்கே அமைந்த ஹடப்சர் இன்று தொழிற்சாலைகளும் கணினி நிறுவனங்களும் மலிந்த ஊர். 1897ஆம் ஆண்டில் பிளேக் நோய் பரவியபோது, சாவித்திரிபாய் பூலே தம் வளர்ப்பு மகனான மருத்துவர் யஷ்வந்துடன் நோயாளர்க்குப் பணிபுரிந்தது இவ்வட்டாரத்தில்தான். அப்பணியில் நோய் தொற்றி, மார்ச்சு 10ஆம் நாள் உயிர்நீத்தார். 1848இல் கணவர் ஜோதிராவுடன் புனேயில் பெண்களுக்குப் பள்ளி கண்டவரும் அவரே.

பெண்கல்வியின் வரலாற்றில் பள்ளிகளையும் பட்டங்களையும் நாம் எண்ணுகிறோம். பயின்ற பெண்களின் உணவை எண்ணுவதில்லை. 1883இல், 18 வயதில் மருத்துவம் பயில அமெரிக்கா சென்ற ஆனந்திபாய் ஜோஷி, தம் குல உணவுமுறையை அங்கும் போற்றினார். 1886இல் பட்டம் பெற்றார். ஆனால் கடுங்குளிரும் பழகாத உணவும் உடலைத் தளர்த்தின; காசநோயும் பற்றியது. 1887 பிப்ரவரி 26ஆம் நாள், 22 வயது நிறையுமுன் புனேயில் மறைந்தார்.

ஆனந்திபாய் உணவை வெறுத்தவர் அல்லர். உணவிருந்தும் உண்ண மறுக்கும் நோய் வேறு. அதனை 1873இல் இலண்டனில் வில்லியம் கல்லும் பாரிசில் லசேகும் தனித்தனியே விளக்கினர். நோன்பென்றும் பிடிவாதமென்றும் பெரிதும் கருதப்பட்டது, தனி நோயாக அறியப்பட்டது. அடங்காது உண்டு, பின் அதனை வலிந்து வெளியேற்றும் மற்றொரு நோயை 1979இல் ஜெரால்டு ரஸ்ஸல் விவரித்தார். அதன் பெயரான 'புலிமியா' கிரேக்கச் சொல்; 'எருதுப் பசி' என்பது பொருள்.

மணிமேகலையில் காயசண்டிகையை வருத்திய தணியாப் பசிக்கு 'யானைத்தீ' என்று பெயர். அது முனிவர் சாபத்தால் வந்தது. இது மருத்துவர் கண்ட நோய். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் சாத்தனார் அவளைப் பெருந்தீனிக்காரி என்று பழிக்கவில்லை, துன்புறுபவளாகவே காட்டினார். மணிமேகலை அமுதளித்து அவள் பசியைத் தீர்த்தாள்.

இந்நோய்கள் பெரும்பாலும் பதின்வயதிலும் கல்லூரிப் பருவத்திலும் தலைகாட்டுகின்றன. பட்டினி நீடித்தால் மாதவிலக்கு நின்றுபோகலாம்; எலும்பு வலுவிழக்கும்; நாடித்துடிப்பு மந்தமாகும். வலிந்து வாந்தியெடுத்தால் குருதியில் பொட்டாசியம் குறைந்து இதயமே தடுமாறக்கூடும். மெலியாத உடலிலும் இந்நோய் மறைந்திருக்கலாம்.

வெளிமாநிலத்தில் வாழும் நாம், விடுதியில் பயிலும் மகள் இளைத்தால், சோறு கிடைக்கவில்லை, பாக்கரி பிடிக்கவில்லை என்று காரணம் கற்பித்து அமைகிறோம். 'சாப்பிட்டாயா?' என்று வினவுவது தமிழர் வழக்கம். விடை தயங்கி வருமாயின், கடிந்துகொள்ளாது பொறுமையுடன் கேட்போம். மருத்துவரிடமும் மனநல வல்லுநரிடமும் உடன் அழைத்துச் செல்வோம். பெண்களுக்குப் பள்ளி கண்ட ஊரில், பயிலும் பெண் சொல்லாமல் நலிய விடுதல் தகாது.