கோப்பு யாரிடமிருந்து மறைக்கப்பட்டது? காஸ்கின் வழக்கும் அரசுப் பராமரிப்பில் வளர்ந்தோரின் குழந்தைப் பருவப் பதிவுகளும்

பெற்றோரிடம் வளர்ந்த ஒருவர் தம் சிறுவயதைப் பற்றி அறிய வேண்டுமானால் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் போதும். எப்போது நடந்தார், எந்த நோயில் தப்பினார், ஏன் ஊர் மாறினர் என்பதற்கெல்லாம் யாரிடமாவது ஒரு பதில் இருக்கும். அரசின் பராமரிப்பில், வளர்ப்புக் குடும்பம் மாறி மாறி வளர்ந்தவருக்கு அத்தகைய சாட்சிகள் இல்லை. அவருடைய குழந்தைப் பருவம் முழுவதையும் தொடர்ச்சியாக அறிந்திருப்பது அலுவலகக் கோப்பு ஒன்றே. அக்கோப்பு அயலார் பார்வைக்குச் செல்லாமல் காக்கப்பட வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரிட்டனில் அது, வளர்ந்து ஆளான பிறகும், அதன் பொருளாக இருந்தவருக்கே மறுக்கப்பட்டது. இம்மறுப்பைக் கேள்விக்கு உட்படுத்திய வழக்கு, ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 07.07.1989 அன்று தீர்ப்பளித்த ‘காஸ்கின் எதிர் ஐக்கிய இராச்சியம்’.

காஸ்கின் 1959இல் பிறந்தவர். தாயார் இறந்ததையடுத்து 1960 செப்டம்பரில் லிவர்பூல் நகர மன்றத்தின் பராமரிப்புக்கு வந்தார். 1977இல் பதினெட்டு வயது நிறைவடையும் வரை, குறுகிய இடைவெளிகள் தவிர, அப்பராமரிப்பிலேயே இருந்தார். பல வளர்ப்புக் குடும்பங்களிடம் அனுப்பப்பட்டார். அங்குத் தாம் மோசமாக நடத்தப்பட்டதாகப் பின்னாளில் குற்றஞ்சாட்டினார். வளர்ப்புக் குடும்பங்களில் வைக்கப்படும் குழந்தைகள் தொடர்பான 1955ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பதிவேடு பேணப்பட வேண்டும் என்றன. குழந்தைக்குப் பதினெட்டு வயதான பின் குறைந்தது மூன்று ஆண்டுகள் அதைப் பாதுகாத்தால் போதும் என்றும் கூறின. குழந்தை வளர்ந்த பின் அதை வாசிக்கக்கூடும் என்ற எண்ணம் அவ்விதிகளில் இடம்பெறவில்லை. பதிவேடு நிர்வாகத்தின் தேவைக்காக எழுதப்பட்டது.

1979இல் காஸ்கின், கவனக்குறைவுக்காக நகர மன்றத்தின் மீது இழப்பீட்டு வழக்குத் தொடர எண்ணி, தம் கோப்பைக் காட்டுமாறு கோரினார். 1980இல் உயர் நீதிமன்றமும், அதையடுத்து மேல்முறையீட்டு நீதிமன்றமும் கோரிக்கையை மறுத்தன. மருத்துவர், ஆசிரியர், காவலர், வளர்ப்புப் பெற்றோர், சமூகப் பணியாளர் ஆகியோர் தாம் எழுதுவது ஒருநாள் வெளிவரும் என்று அஞ்சினால் ஒளிவுமறைவின்றி எழுத மாட்டார்கள். அதனால் குழந்தைப் பராமரிப்புச் சேவையே நலிவடையும் என்பது மறுப்பின் சாரம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. எனினும் அது காக்க முனைந்தது எழுதியவர்களின் அந்தரங்கத்தையும் நிறுவனத்தின் செயல்பாட்டையுமே. எழுதப்பட்டவரின் அந்தரங்கம் அக்கணக்கில் சேரவில்லை. தவறு நடந்ததா என்பதற்கான சான்றும், தவறு செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நிறுவனத்தின் கைவசமே இருந்தது.

அதன்பின் கொள்கையளவில் ஒரு நெகிழ்வு ஏற்பட்டது. 1983இல் மைய அரசின் சுற்றறிக்கை ஒன்று, பராமரிப்பில் இருந்தோர் தம் பதிவுகளைப் பார்க்கச் சில வரையறைகளுடன் இடமளித்தது. லிவர்பூல் நகர மன்றமும் ஆவணத்தை எழுதியவர் இசைந்தால் அதைத் தருவதாக முடிவெடுத்தது. காஸ்கினின் கோப்பில் 46 பேர் எழுதிய சுமார் 352 ஆவணங்கள் இருந்தன. 1986 மே மாதத்தில் அவருக்குக் கிடைத்தவை 19 பேர் எழுதிய 65 ஆவணங்கள் மட்டுமே. எஞ்சியவற்றுக்கு இசைவு கிட்டவில்லை. எழுதியவர் இறந்திருந்தாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, கடிதத்துக்குப் பதில் போடாவிட்டாலோ விளைவு ஒன்றுதான்: அந்தப் பக்கம் திறக்கப்படாது.

ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் இந்த இடத்தைத்தான் பற்றிக்கொண்டது. தம் குழந்தைப் பருவத்தையும் வளர்ச்சியையும் அறிந்து புரிந்துகொள்வதில் ஒருவருக்குள்ள அக்கறை, தனிவாழ்வுக்கும் குடும்ப வாழ்வுக்கும் மதிப்பளிக்கும் எட்டாம் பிரிவின் பாதுகாப்புக்கு உரியது என்று அது ஏற்றது. எழுதியவர்களின் மறைகாப்பு நியாயமானது என்பதையும் அது மறுக்கவில்லை. ஆனால் எழுதியவர் பதிலளிக்காத நிலையிலோ காரணமின்றி இசைவு மறுத்த நிலையிலோ, கோப்பைத் தரலாமா என்று இறுதியாக முடிவுசெய்யச் சுதந்திரமான ஓர் அதிகார அமைப்பு இருக்க வேண்டும். பிரிட்டனில் அது இல்லை. எனவே 11க்கு 6 என்ற பெரும்பான்மையில் எட்டாம் பிரிவு மீறப்பட்டதாகத் தீர்ப்பாயிற்று. தகவல் பெறும் உரிமை சார்ந்த பத்தாம் பிரிவு மீறப்படவில்லை என்றும் நீதிமன்றம் கூறியது. ஆகவே, கோப்பை முழுமையாகத் திறக்கும் உரிமையை இத்தீர்ப்பு வழங்கியதாகச் சொல்வது மிகை.

தீர்ப்புக்கு முன்பே 1987இல் தனிநபர் கோப்புகளைப் பார்வையிடும் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அதன்கீழ் சமூக சேவைப் பதிவுகளுக்கான விதிகள் 1989 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் எழுதப்பட்டவற்றுக்கு அவை பொருந்தவில்லை. குறையை உணர்ந்து உரிமை கேட்ட தலைமுறைக்கே உரிமை கிட்டாமற்போயிற்று. 1998ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோதுதான் பழைய கோப்புகளுக்கும் வழி பிறந்தது. அதுவரை நிலவிய குறையை ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் 2002இல் வேறொரு வழக்கில் மீண்டும் சுட்டிக்காட்டியது. இன்றும் கோப்பில் மூன்றாம் தரப்பினர் பற்றிய வரிகள் கருமையிட்டு மறைக்கப்படுவதுண்டு. அந்த மூன்றாம் தரப்பினர் பல வேளைகளில் கேட்பவரின் தாயாகவோ உடன்பிறந்தவராகவோ இருக்கிறார். தாயின் நோய் தாயின் அந்தரங்கம். குழந்தை ஏன் பிரிக்கப்பட்டது என்பதற்கான விடையும் அதுவே.

இதன் மறுபக்கத்தைக் கனடா காட்டுகிறது. அங்குப் பூர்வகுடிக் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளிகளில் கொடுமைக்கு உள்ளானோர், இழப்பீட்டு விசாரணைகளில் மறைகாப்பு உறுதியுடன் சாட்சியம் அளித்தனர். விண்ணப்பங்கள் 37,000க்கும் மேற்பட்டவை. விசாரணைக்குப் பின் அந்தப் பதிவுகளை என்ன செய்வது என்ற வழக்கில், அவற்றை வரலாற்றுக்காகப் பேண வேண்டும் என்பது அரசின் தரப்பு. 2017 அக்டோபரில் கனடிய உச்ச நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது: பதிவுகள் 15 ஆண்டுகள் வைக்கப்படும், அதற்குள் தம் பதிவைப் பேண வேண்டும் எனச் சாட்சியம் அளித்தவர் தெரிவிக்காவிட்டால் அது அழிக்கப்படும். காஸ்கின் கோப்பைத் திறக்கக் கேட்டார். இவர்களில் பலர் அழிக்கக் கேட்டனர். கோரிக்கைகள் எதிரெதிரானவை. தம் வாழ்வைப் பற்றிய பதிவின் மீது முடிவெடுக்கும் இடம் தமக்கு வேண்டும் என்பதே இரண்டிலும் அடிப்படை.

இந்தியச் சட்டத்தில் இக்கேள்வி இன்னும் முழு உருப்பெறவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 44ஆம் பிரிவில் வளர்ப்புக் குடும்பப் பராமரிப்புக்கு வகைசெய்கிறது. 74ஆம் பிரிவு குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதைத் தடுக்கிறது. 99ஆம் பிரிவின்படி குழந்தைகள் நலக் குழு பரிசீலித்த அறிக்கைகள் மறைகாப்புக்கு உரியவை. அவற்றின் சாரத்தைக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ குழு தெரிவிக்கலாம். சாரம் என்பது கோப்பாகாது. இப்பிரிவு பேசுவது குழந்தையைப் பற்றி. முப்பது வயதில் திரும்பி வந்து கேட்பவரைப் பற்றி அதில் சொல் இல்லை. தத்து விதிமுறைகள் வேர்களைத் தேடும் உரிமையைத் தத்துப்பிள்ளைகளுக்கு அளித்து, அதைப் பெற்றோரின் அந்தரங்க உரிமையுடன் சமன்செய்ய முயல்கின்றன. தத்து அளிக்கப்படாமல் இல்லங்களிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் வளர்ந்தோர் அவ்விதிமுறைகளின் வரம்புக்குள் வருவதில்லை. 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2023இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தம் தரவைப் பற்றிக் கேட்டறியும் உரிமை குறித்துப் பேசுகிறது. ஆனால் அது மின்வடிவில் உள்ள தரவுக்கும் மின்வடிவுக்கு மாற்றப்பட்ட தரவுக்குமே பொருந்தும். இல்லங்களின் அலமாரிகளில் உள்ள காகிதப் பதிவேடுகள் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

மறைகாப்பு தேவையற்றது என்பது இவ்வரலாறு தரும் முடிவன்று. அயலாரிடமிருந்து மறைப்பதும், உரியவரிடமிருந்தே மறைப்பதும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டு ஒரே விதியால் ஆளப்பட்டன என்பதுதான் அதன் சிக்கல். முன்னதற்குக் கடுமையான காப்பு வேண்டும். பின்னதற்கு, எழுதியவரின் மௌனத்தையும் அலுவலகத்தின் வசதியையும் கடந்து முடிவெடுக்கும் ஒரு சுதந்திர அமைப்பு வேண்டும். 1989இல் ஸ்ட்ராஸ்பூர்க் கேட்ட இந்தக் குறைந்தபட்சம், இந்திய இல்லங்களிலிருந்து வெளியேறும் இளையோருக்கு இன்னும் வகுக்கப்படவில்லை.