அணையாடையைத் துவைத்தவர் யார்?

குழந்தைக்குத் துணியா, டயப்பரா என்பதை நாம் இன்று பெரும்பாலும் குப்பைக் கணக்காகவே பேசுகிறோம். அமெரிக்காவில் இந்த வழக்கு தொடங்கிய இடம் குப்பைமேடு அன்று, துவைக்கும் தொட்டி.

மரியன் டோனவன் 1917இல் இண்டியானாவில் பிறந்தவர். தந்தை இயந்திரங்கள் செய்த பட்டறையில் வளர்ந்தவர். தாயானபின் அவரை வாட்டியது ஓயாத ஈரம். துணி நனைந்தால் தொட்டில் விரிப்பும் நனையும். அதன்மேல் ரப்பர் கால்சட்டை மாட்டினாலோ பிள்ளையின் தோல் புண்ணாகும். 1946இல் குளியலறைத் திரையை வெட்டித் தைத்துப் பார்த்தார். பல முயற்சிகளுக்குப் பின் பாரசூட் நைலானில் ஓர் உறை உருவாயிற்று. குத்தும் ஊக்குகளுக்குப் பதில் அழுத்துப் பொத்தான்கள். படகுபோல் இருந்ததால் ‘போட்டர்’ என்று பெயரிட்டார். உற்பத்தியாளர்கள் கைவிரிக்கவே, தாமே தயாரித்து 1949இல் நியூயார்க்கின் சாக்ஸ் கடையில் விற்பனைக்கு வைத்தார். 1951இல் காப்புரிமை கிடைத்தது. உரிமையைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார். அடுத்து, துவைக்கவே வேண்டாத காகித அணையாடையைப் பற்றிப் பேசியபோது நிறுவனங்கள் அது தேவையற்றது என்றனவாம். தேவையற்றது என்று சொன்னவர்கள் துவைத்தவர்கள் அல்லர் என்பதை ஊகிக்க நமக்கு ஆவணம் வேண்டியதில்லை.

பேரக்குழந்தையின் துணி மாற்றுவதை வெறுத்த விக்டர் மில்ஸின் குழு, பிராக்டர் அண்ட் கேம்பிளுக்காக பாம்பர்ஸை உருவாக்கியது. 1961இல் இல்லினாய்ஸின் பியோரியா நகரில் ஒன்று 10 சென்ட் என விற்றுப் பார்த்தார்கள், போணியாகவில்லை. வீட்டுக்கே வந்து துணிகளை எடுத்துத் துவைத்துத் தந்த சலவை நிறுவனங்கள் அதைவிட மலிவு. விலை 6 சென்ட் அளவுக்கு இறங்கியபின்தான் காகிதம் வென்றது.

1990ஐ ஒட்டிக் கட்சிகள் மாறின. டயப்பர் நிறுவனம் பணம் கொடுத்த ஆய்வு துணிக்குச் சிறப்பில்லை என்றது; சலவைக்காரர் சங்கம் பணம் கொடுத்த ஆய்வு துணியே சிறந்தது என்றது. வியப்பென்ன!

பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட கணக்கு சற்று நிதானமானது. இரண்டரை ஆண்டுக்கு, கரியமிலவாயு அளவில், டயப்பர் சுமார் 550 கிலோ. துணி 570 கிலோ. இயந்திரம் நிறையத் துவைத்து, வெளியே கொடியில் உலர்த்தி, அடுத்த பிள்ளைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால் துணியின் சுமை சுமார் 40 சதவீதம் குறையும். கொடியில் உலர்த்துவது யார் என்ற பத்தி மட்டும் இத்தகைய கணக்குகளில் கிடையாது. பழைய வேட்டியைக் கிழித்து, அலசி, வெயிலில் போட்ட நம் பாட்டிமார் அப்பத்தியை நிரப்பியிருப்பார்கள்.