வாத்தியார் பேரு எப்படி நிலைக்குது?

எங்க கோவில்பட்டி கரிசல் காட்டுல மழை பெஞ்சாத்தான் வெள்ளாமை. அதனால பிள்ளைகளைக் கரையேத்துறது படிப்புதான். ஆனா அந்தப் படிப்பைக் கொடுத்த வாத்தியார்கள் பேரு வரலாற்றுல எங்கே இருக்கு?

பக்கத்து எட்டயபுரத்துக்காரர் பாரதி. 1904 ஆகஸ்ட் 1 முதல் நவம்பர் 10 வரை மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியர். சம்பளம் மாசம் பதினேழரை ரூபாய். அப்புறம் சுதேசமித்திரனுக்குப் போயிட்டார். இருந்தது மூணு மாசம் சொச்சம்தான். ஆனாலும் மகாகவி ஆச்சே, பள்ளிக்கூடம் இன்னிக்கும் பெருமையாச் சொல்லுது.

அய்யாத்துரை சாலமன் கதை வேற. ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளி வாத்தியார். ராமேஸ்வரத்துல இருந்து வந்து வீட்டு ஏக்கத்துல கிடந்த அப்துல் கலாமுக்குத் தன்னம்பிக்கை ஊட்டினவர். அதே பள்ளியில கணக்கு வாத்தியார் ராமகிருஷ்ண ஐயர். தெரியாம தன் வகுப்புக்குள்ள நுழைஞ்ச கலாமைப் பிரம்பால விளாசினார். பல மாசம் கழிச்சு அந்தப் பையன் கணக்குல முழு மார்க் வாங்கினப்போ, காலைப் பிரேயர்ல எல்லார் முன்னாடியும் அதைச் சொல்லிப் பாராட்டினவரும் அவரேதான்!

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? 1999-ல வந்த தன் வாழ்க்கைக் கதையில கலாம் எழுதி வச்சதால. 2015 ஜூலை 27-ல ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னாடி பேசிக்கிட்டிருக்கும்போதே சரிஞ்சு விழுந்து காலமானார் அவர்.

ஆக, பாரதிக்கு அவர் பேரே போதும். மத்த வாத்தியார்களுக்கு, படிச்ச பிள்ளை எழுதினாத்தான் வரலாறு. அதுக்கு ஜனாதிபதி ஆகணும்னு இல்லைங்க, ஒரு பக்கம் போதும். உங்க வாத்தியார் பேரை எழுதிட்டீங்களா?